வீட்டுத் தூசும் மூச்சு இரைப்பும்

கொள்ளிடத்தையும் மண்ணியாற்றையும் அடுத்த திருப்பனந்தாள் வட்டாரத்தில், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் சுவரும் தரையும் பல நாட்கள் ஈரம் காய்வதில்லை. விடியற்காலையில் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர் வடிதல், நெஞ்சில் இரைப்பு ஆகியவற்றால் வருந்துவோர் அம்மாதங்களில் பனியின்மேல் பழி சுமத்துவது வழக்கம். ஆனால் பல சமயங்களில் காரணம் நாம் தலை வைத்துப் படுக்கும் தலையணையிலேயே இருக்கிறது.

தீங்கற்ற பொருளொன்றை உடல் பகையென்று கருதி எதிர்ப்பதே ஒவ்வாமை. வீட்டுத் தூசு சிலருக்கு ஒவ்வாது என்பதை மருத்துவர்கள் 1920-களிலேயே கண்டனர். தூசிலுள்ள எப்பொருள் இதற்குக் காரணம் என்பது மட்டும் நெடுநாள் விளங்கவில்லை. 1964-இல் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்தைச் சேர்ந்த ஃபூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆராய்ச்சியாளர்கள் தூசு உண்ணி என்னும் சிற்றுயிரைச் சுட்டிக் காட்டினர். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் உடலிலிருந்து உதிரும் தோற்செதில்களே அதற்கு உணவு. அது நீர் பருகுவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் ஈர்த்து வாழ்கிறது. ஈரக்காற்று மிகுந்த நம் டெல்டாவில் அது பெருகுவதில் வியப்பில்லை. அதன் எச்சமே இரைப்பைத் தூண்டும் முதன்மைப் பொருள்.

ஆகவே முதல் வேலை படுக்கையில் தொடங்க வேண்டும். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 55 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெந்நீரில் துவைத்தல் நலம். தண்ணீரில் துவைத்தால் எச்சம் பெரிதும் நீங்கும், உண்ணி சாகாது. வெந்நீருக்குக் கெட்டிச் சாயத் துணியோ வெள்ளைத் துணியோதான் ஏற்றது என்பதை நெசவாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலவம்பஞ்சு மெத்தை தலையணைகளுக்கு நெருங்க நெய்த துணியால் உறை தைத்து முழுதும் மூட வேண்டும். கடும் வெயில் உண்ணிகளைக் கொல்லும் என்பது ஆஸ்திரேலியாவில் கம்பளங்களை வெயிலில் இட்டுச் செய்த சோதனையில் 1994-இல் தெரியவந்தது. ஆயினும் செத்த உண்ணியும் எச்சமும் உள்ளேயே தங்குமாதலால், காய்ந்தபின் வெளியில் வைத்துத் தட்டி உதற வேண்டும். இரைப்பு உள்ளவர் அவ்வேலையைச் செய்யலாகாது.

நம் அங்கத்தினர் பலருக்கு வீடே தொழிற்கூடம். தறிக்குழியிலும் ராட்டையைச் சுற்றியும் பஞ்சுத் தூசு சேரும். வறண்ட துடைப்பத்தால் பெருக்கினால் அது எழும்பி மூச்சிலே புகும். நீர் தெளித்துப் பெருக்கி, ஈரத்துணியால் துடைப்பதே முறை. குழந்தைகளைத் தறிக்கூடத்தில் படுக்க வைக்காதிருத்தல் நலம். உழவர் வீடுகளில் பதரும் தவிடும் மக்கிய வைக்கோலும் படுக்கும் அறையருகே இருத்தல் கூடாது. களத்தில் தூற்றும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்க.

வீட்டு அலங்காரத்திலும் கவனம் வேண்டும். தடித்த திரை, கம்பளம், பஞ்சு அடைத்த பொம்மை, துணிப்பூ ஆகியவை தூசுக்குக் களஞ்சியங்கள். அவற்றுக்கு ஈடாக எளிதில் துவைக்கக்கூடிய மெல்லிய கைத்தறித் திரையும், உதறி வெயிலில் இடக்கூடிய கோரைப்பாயும் போதும். செலவும் குறைவு. பூஞ்சணம் பூத்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்குமுன் ஒழுகும் ஓட்டை மாற்றுக. கசிவு நிற்காவிடில் பூஞ்சணம் மீண்டும் வரும். கரப்பான் பூச்சியின் எச்சமும் பலருக்கு ஒவ்வாது. ஆதலால் இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டு வைத்தல் ஆகாது.

போகியன்று வீட்டைத் துப்புரவு செய்வது நல்ல வழக்கம். ஆனால் பழம்பாயையும் துணியையும் கொளுத்தும் புகை இரைப்பு நோயாளியை வாட்டும். கொசுவர்த்திப் புகையும் அவ்வாறே. கொசுவலை கட்டுவது மேல்.

இவற்றுள் ஒன்றை மட்டும் செய்தால் பயன் சிறிதே. சேர்த்துச் செய்வதும் விடாது செய்வதுமே நன்மை தரும். துப்புரவு மருந்துக்கு மாற்றும் அன்று. பேச முடியாதபடி மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். உழைப்பாளியின் மூச்சு தடைப்பட்டால் தறியும் நிற்கும், வயலும் தரிசாகும். அம்மூச்சைக் காக்கும் வேலையில் ஒரு பகுதி நம் வீட்டாரின் கையிலேயே இருக்கிறது.