காரின் வீல் நட் கழல மறுக்கிறதா? பலத்தைக் காட்டும் முன் இதைப் படிங்க!

டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும், ஜாக்கி இருக்கும், வீல் ஸ்பேனரும் இருக்கும். ஆனாலும் பஞ்சரான டயரோடு ரோட்டோரம் நின்றுவிடும் கார்கள் ஏராளம். நான்கைந்து நட்டுகளில் ஏதோ ஒன்று அசைய மறுப்பதுதான் காரணம். மூச்சைப் பிடித்து இழுத்தால் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயரும். அல்லது நட்டின் முனைகள் மழுங்கிவிடும். மழுங்கிவிட்டால், பிறகு எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து, காரை ஜாக்கியில் தூக்கிவிட்டு நட்டோடு மல்லுக்கட்டுவது. காரோடு வரும் ஜாக்கி, எடையை நேராகத் தூக்கத்தான். பக்கவாட்டில் ஆட்டினால் சரிந்துவிடும். சின்ன கார் என்றாலும் 700, 800 கிலோ இருக்கும். எனவே டயர் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டுகளையும் அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். சக்கரமும் நட்டோடு சேர்ந்து சுற்றாது. ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, மூலைவிட்டத்தில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கார் ஜாக்கியில் நிற்கும்போது அடியில் தலையையோ கையையோ நுழைக்கவே கூடாது.

நட் ஏன் இப்படி இறுகுகிறது?

பெரும்பாலும் குற்றவாளி ஏர் கன்தான். சின்ன கார்களின் வீல் நட்டுக்கு மேனுவலில் சொல்லப்படும் இறுக்கம் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 40 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட இந்த அளவு கிடைக்கும். ஏர் கன்னை நட்டில் வைத்து 'டர்ர்ர்' என்று விட்டுக்கொண்டே இருந்தால் இதைத் தாண்டி எங்கேயோ போய்விடும். அவர் மெஷினில் இறுக்கியதை நீங்கள் கையால் கழற்ற வேண்டும்!

அடுத்த காரணம் துரு. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். மழையில் ஊறிய மரக்கதவு நிலையில் சிக்கிக்கொள்வதுபோல, மரைகளுக்கு நடுவே துரு உப்பி நட்டைப் பிடித்துக்கொள்கிறது. கடற்கரை ஓரம் நிற்கும் கார்களுக்கும், 2023 மிக்ஜாம் புயல் சமயத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நடந்ததுபோல வெள்ளத்தில் முழுகி எழுந்த கார்களுக்கும் இந்தத் தொல்லை அதிகம்.

பலம் வேண்டாம், நீளம் போதும்

ஏர் கன் இறுக்கியதற்கு நல்ல மருந்து ஓர் இரும்பு பைப். ஸ்பேனரின் கைப்பிடியில் பைப்பைச் செருகி நீளத்தை 50 சென்டிமீட்டராக்கினால், அதே நட்டுக்குப் பாதி பலம் போதும். ஸ்பேனர் நட்டில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு முனை உள்ள பாக்ஸ் ஸ்பேனர் வழுக்காது. கைப்பிடியை மேலே இழுப்பதைவிடக் கீழே அழுத்துவது இடுப்புக்கு நல்லது. சிலர் ஸ்பேனர் மேல் ஏறிக் குதிப்பார்கள். ஸ்டட் உடைவதும் கணுக்கால் பிசகுவதும் அப்போதுதான்.

கழற்றும் திசை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. சைக்கிளின் இடது பெடலுக்கு மரை தலைகீழாக இருக்கும். இன்றைய கார்களின் வீல் நட்டுகளில் அந்தக் குழப்பம் இல்லை.

துருவுக்குப் பொறுமை வேண்டும். வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, துருவுக்குள் ஊடுருவும் ஆயிலை அடித்துக் காத்திருங்கள். பத்து நிமிடத்தில் அசையாத நட், ராத்திரி முழுக்க ஊறினால் காலையில் இளகலாம். பலர் வீட்டில் இருக்கும் டபிள்யூடி-40, 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. லேசான துருவுக்கு அது போதும். கெட்டியான துருவுக்கு, அதற்கென்றே விற்கும் பெனட்ரேட்டிங் ஆயில்தான் சரி. எதை அடித்தாலும் பிரேக் டிஸ்க்கில் படக் கூடாது. பிரேக் பிடிக்காமல் போய்விடும்.

ஆயில் ஊறும் நேரத்தில் நட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டலாம். அந்த அதிர்வில் துரு விரிசல்விட்டு ஆயில் உள்ளே இறங்கும். இன்னொரு தந்திரம், கழற்றுவதற்கு முன் துளியூண்டு இறுக்குவது. 'டக்' என்று சத்தம் கேட்டால் துருவின் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் வந்துவிடும்.

மெக்கானிக்குகள் கேஸ் டார்ச்சால் சூடேற்றியும் கழற்றுவார்கள். சூட்டில் நட் விரிந்து பிடி தளரும். ஆனால், வீட்டில் வீல் நட்டுக்கு நெருப்பு வேண்டவே வேண்டாம். பக்கத்திலேயே காற்றடைத்த டயர், மேலே இப்போதுதான் அடித்த ஆயில். சூட்டில் டயர் வெடித்தால் உயிரே போகலாம். இவ்வளவு செய்தும் அசையவில்லையா, முனை மழுங்கிவிட்டதா? மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது...

முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். ஸ்பேனரில் ஆரம்பித்தால் கோணலாக ஏறி மரை போய்விடும். வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்க வேண்டும். அடுத்த முறை சுலபமாகக் கழலட்டும் என்று மரையில் ஆயில் தடவுகிறவர்கள் உண்டு. ஆயில் இருந்தால் அதே பலத்துக்கு நட் அதிகமாக இறுகி ஸ்டட் இழுபடும். எனவே மரையைத் துடைத்துவிட்டு, உலர்ந்த நிலையிலேயே மாட்டுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

பஞ்சர் கடையில், ஏர் கன்னை லேசாக வைத்துவிட்டுக் கடைசி இறுக்கத்தைக் கையால் செய்யச் சொல்லலாம். டார்க் ரென்ச் வைத்திருக்கும் கடை என்றால் இன்னும் நல்லது. வீட்டு வாசலில் கார் நிற்கும் ஒரு பகல் நேரத்தில், ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். வீட்டில் கார் ஓட்டும் எல்லோரும் முயன்று பார்க்கட்டும். எந்த நட் வம்பு செய்யும் என்பது அன்றே தெரிந்துவிடும்.

அலாய் வீல் உள்ள சில கார்களில், சக்கரத்துக்கு ஒரு லாக் நட் இருக்கும். அதற்கான தனிச் சாவி இல்லாமல் அதைச் சாதாரண ஸ்பேனரால் கழற்ற முடியாது. அந்தச் சாவி வீட்டு அலமாரியில் தூங்குகிறதா, காரில்தான் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.