எண்ணும் கண்கள் பெருகின

1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளை ஆராயக் கிளம்பினார் பறவையியலாளர் சாலிம் அலி. சுட்டெடுத்த பறவையின் தோலைப் பாடம் செய்து, இடமும் நாளும் எழுதிய சீட்டைக் கட்டிச் சேகரிப்பில் வைப்பது அந்நாளைய முறை. இன்ன இடத்தில் இன்ன பறவை உண்டு என்பதற்கு அந்தச் சேகரிப்புகள்தான் அடித்தளம். ஆனால் சிலர் மட்டும், சில மாதங்கள் மட்டும் பார்த்ததை வைத்து ஒரு பறவை பெருகுகிறதா, குறைகிறதா என்று சொல்ல வழியில்லை.

அதே மண்ணில் 2015 முதல் 2020 வரை கேரளப் பறவை வரைபடப் பணி நடந்தது. மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, சுமார் 4000 கட்டங்களில் மழைக்காலத்தில் ஒருமுறை, வறண்ட காலத்தில் ஒருமுறை என்று கணக்கெடுத்தார்கள். எடுத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். சேர்ந்த பதிவுகள் சுமார் 3 லட்சம். எந்த ஆய்வுக்கூடமும் சம்பளம் கொடுத்து இத்தனை பேரை அனுப்ப முடியாது.

இந்தப் பங்களிப்பின் அருமை சிட்டுக்குருவி விஷயத்தில் தெரிந்தது. குருவி அழிந்துகொண்டிருக்கிறது என்று ஊரெல்லாம் பேசினோம். கைபேசிக் கோபுரத்தைக் குற்றம் சொன்னோம். சுமார் 15,500 பறவை ஆர்வலர்களின் ஒரு கோடிப் பதிவுகளை அலசி, இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 2020இல் வெளியானது. பெருநகரங்களில் குருவி குறைந்திருக்கிறது, நாடு முழுக்கப் பார்த்தால் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றது அது. மக்களிடையே பரவிய நம்பிக்கையை மக்கள் திரட்டிய தரவே திருத்தியது. 2023 அறிக்கையில் பதிவுகள் 3 கோடியாயின. 942 இனங்கள் ஆராயப்பட்டு, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் வேண்டும் என்று தெரியவந்தது.

எண்ணுவோர் பெருகினால் மட்டும் தரவு தரமாகிவிடாது. காகம், மைனா உட்படக் கண்ட எல்லாவற்றையும் எழுத வேண்டும்; எவ்வளவு நேரம் பார்த்தோம் என்றும் குறிக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பறவை கண்ணில் படாததும் தகவலாகும். இதைக் கற்றுத்தருவதும், சந்தேகமான பதிவுகளைச் சரிபார்ப்பதும் ஆய்வாளரின் வேலை.

தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள். அவர்கள் ஏரிக்கரையில் எண்ணியதிலிருந்து என்ன தெரிந்தது என்பதை அவர்களுக்கே தமிழில் சொல்லும் பொறுப்பு பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. சலுகையாக அல்ல, கூட்டாளிக்குச் சேர வேண்டிய பங்காக அது போய்ச் சேர வேண்டும்.