இலத்தீன் கல்வியும் தமிழ் இறையியல் மாணவரும்

எபிரேயம், கிரேக்கம் ஆகிய இரு மறைநூல் மொழிகளைக் கற்பதே நம் இறையியல் மாணவர்க்குப் பெருஞ்சுமையாய் இருக்க, மூன்றாவதாக இலத்தீன் எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. வாலாஜாபாத்தில் திருப்பணியாற்றும் ஓர் ஆயரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய சபையாருள் சிலர் பாலாற்றங்கரையில் உழவு செய்வோர். சிலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆகிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்கு முறைவேலைக்குச் செல்வோர். இரவு வேலை முடித்து வந்து ஞாயிறு ஆராதனையில் அமர்ந்திருப்பவருக்கு ஆயரின் இலத்தீன் அறிவால் ஆவது என்ன? இவ்வினாவைத் தட்டிக்கழிக்காது விடை காண முயல்வோம்.

1. சீர்திருத்தத்தின் மொழி

மார்ட்டின் லூத்தர் 1517இல் எழுதிய தொண்ணூற்றைந்து கருத்துரைகளும் இலத்தீனில் அமைந்தவை. கால்வினின் பெருநூல் 1536இல் முதன்முதல் வெளிவந்ததும், 1559இல் இறுதி வடிவம் பெற்றதும் அம்மொழியிலேயே. ஆயினும், இலத்தீன் வெறும் எழுதுகோலாக மட்டும் இருக்கவில்லை; விவாதத்தின் பொருளாகவும் இருந்தது.

மத்தேயு 4:17இல் நாம் ‘மனந்திரும்புங்கள்’ என்று படிக்கும் இடத்தில், வுல்காத்தா என்னும் இலத்தீன் மொழிபெயர்ப்பு ‘பெனித்தென்சியாம் ஆகித்தே’ என்கிறது. இத்தொடரை ‘மனம் வருந்துங்கள்’ எனவும் கொள்ளலாம். ‘தவ ஒறுத்தல் செய்யுங்கள்’ எனவும் கொள்ளலாம். இடைக்காலத் திருச்சபையில் அது பாவசங்கீர்த்தனச் சடங்கோடு நெருங்கிப் பிணைந்துவிட்டது. லூத்தரின் முதற் கருத்துரை இச்சொல்லைப் பற்றியதே: ஆண்டவர் கேட்பது விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமான மனந்திரும்புதல் என்றார் அவர். மறு ஆண்டில் ஸ்டௌப்பிட்ஸுக்கு எழுதிய மடலில், கிரேக்க மூலச்சொல் மனமாற்றத்தைக் குறிப்பதை அறிந்து தாம் பெற்ற மகிழ்ச்சியை விவரித்தார். தமிழ் வேதாகமத்தை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு, இப்போராட்டத்தின் வேர் புலப்படுவதில்லை. நமக்குத் தெளிவாகக் கிடைத்துள்ள ஒரு சொல், ஒரு காலத்தில் எத்துணை விலை கொடுத்து மீட்கப்பட்டது என்பதை உணர இலத்தீன் உதவுகிறது.

2. தமிழை விளக்கிய இலத்தீன்

இரண்டாவது காரணம் நம் மண்ணுக்கே உரியது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் எனப் புகழ்பெற்ற பெஸ்கி, கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இரு இலக்கணங்கள் வகுத்தார். இவை யாவும் இலத்தீனில் எழுதப்பட்டவை. மரபிலக்கண நூலார் பெரிதும் செய்யுள் வழக்கையே நோக்கி நிற்க, பெஸ்கியின் கொடுந்தமிழ் இலக்கணம் மக்கள் நாவில் வழங்கிய தமிழை விளக்க முற்பட்டது. மேடையில் ஒரு தமிழும் வீடு சந்திக்கையில் மற்றொரு தமிழும் பேச வேண்டியுள்ள நம் வாலாஜாபாத் ஆயருக்கு, இந்நூல் தொலைவானதன்று. அவர் ஒவ்வொரு ஞாயிறும் எதிர்கொள்ளும் சிக்கலை ஆராய்ந்த முன்னோடி நூல் அது.

பெஸ்கி இயேசு சபைத் துறவி. லூத்தரன் அருட்பணியாளரைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர். இருந்தும் அவரது கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது தரங்கம்பாடி லூத்தரன் அச்சகமே. கோட்பாட்டில் பகைத்து நின்றோரும் கல்வியில் ஒருவரிடம் ஒருவர் கற்றனர்.

3. தொடக்கநிலை முதல் மேல்நிலை வரை

பல்கலைக்கழகங்களில் இலத்தீனைப் புதிதாகத் தொடங்குவோர் முதலில் சொல்லிலக்கணத்தையும், பின்னர் எளிய உரைநடையையும், அதன்பின் பேராசிரியர்களின் நூல்களையும் பயில்வது வழக்கம். முதற்படியில் ஆங்கிலம் வழியாகக் கற்பவரைவிடத் தமிழ் இலக்கணம் வழியாகக் கற்பவர்க்கு வாய்ப்பு மிகுதி.

‘தொமினுஸ்’ என்பது ஆண்டவர், ‘தொமினும்’ ஆண்டவரை, ‘தொமினோ’ ஆண்டவருக்கு. வேற்றுமை அறிந்த தமிழ் மாணவர் இதைக் கண்டு மலைக்கமாட்டார். நமக்கு வேற்றுமை எட்டு. இலத்தீனில் பொதுவாக ஆறு. நாம் ஆல், இன், இல் என்னும் உருபுகளால் உணர்த்துவனவற்றுள் பெரும்பகுதியை அங்கே ஒரே வேற்றுமை சுமக்கிறது. ‘ஆலயமணி ஒலிக்கச் சபையார் எழுந்தனர்’ என்னும் வாக்கியத்தில் எச்சத்தின் எழுவாய் வேறு, முற்றின் எழுவாய் வேறு. இதையொத்த அமைப்பு இலத்தீனில் மிகுதி. ஆங்கிலேய மாணவர் இடறும் அவ்விடத்தைத் தமிழர் எளிதில் கடப்பர்.

இடர்களும் உண்டு. தமிழில் பால் பொருள் பற்றியது. இலத்தீனில் சொல் பற்றியது. மேசையைக் குறிக்கும் சொல் அங்கே பெண்பால். ‘நல்ல’ என்னும் நம் சொல் எப்பெயரின் முன்னும் மாறாது. இலத்தீன் பெயரடையோ பால், எண், வேற்றுமை மூன்றிலும் பெயரோடு இயைந்து மாறும். பெயர்ச்சொற்கள் ஐந்து வகையாகவும், வினைகள் நான்கு வகையாகவும் திரியும். இவற்றை நாள்தோறும் வாய்விட்டு ஓதி மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாம் படியில் வுல்காத்தாவின் யோவான் நற்செய்தி தக்க பாடநூலாகும். பொருள் முன்னரே தெரிந்திருப்பதால் நடை விரைவில் வசப்படும். மூன்றாம் படியில் அகுஸ்தீனின் ‘அறிக்கைகள்’, கால்வின் முதலியோரைப் படிக்கலாம். நான்காம் படியில் சீகன்பால்க்கும் பெஸ்கியும் காத்திருக்கின்றனர்.

4. ஆசிரியர் எங்கே?

இந்நூல்களுள் சில ஆங்கிலத்தில் கிடைக்கின்றனவே என்பர். கிடைப்பது நன்மையே. ஆனால், தமிழைப் பற்றி இலத்தீனில் கூறப்பட்டதை ஆங்கிலம் வழியாகவே தமிழர் அறிவது என்பது, நம் வீட்டுச் செய்தியை அயலார் வாயிலாகக் கேட்பது போன்றது. மூலத்தை நேரே படித்துப் பெயர்ப்பின் பிழையையும் குறையையும் சுட்டிக்காட்ட நம்மிடையே சிலரேனும் இராவிடில், நம் திருச்சபை வரலாற்றை எடுத்துரைக்கும் பொறுப்பு என்றும் பிறர் கையிலேயே இருக்கும்.

ஒவ்வோர் ஆயரும் இலத்தீன் கற்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒவ்வொரு இறையியல் கல்லூரியிலும் ஆண்டுக்கு ஓரிருவர் முன்வந்தால் போதும். ஆசிரியரைத் தேடித் தொலைதூரம் செல்லவும் வேண்டுவதில்லை. 1983இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, குருமாணவர் இலத்தீனை நன்கறிய வேண்டும் என்கிறது. அண்டையிலுள்ள கத்தோலிக்கக் குருமாரிடமோ குருமடத்திலோ கேட்டுப் பார்க்கலாம். 1738இல் தரங்கம்பாடியார் தம் எதிராளியின் நூலை அச்சிடத் தயங்கவில்லை. நாம் அயலவரிடம் பாடம் கேட்கத் தயங்குவானேன்?