ஏரிக்கரை முட்செடியெல்லாம் களையல்ல: நீர்முள்ளியை அடையாளம் காண்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை, மாசியில் நீர் வடியத் தொடங்கியதும் ஏரிக்கரைகளையும் வாய்க்கால் ஓரங்களையும் சுத்தம் செய்யும் வேலை ஆரம்பமாகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலான வயல்கள் மனைகளாகிவிட்டன. ஏரிகளை ஒட்டிய ஈர நிலங்கள்தான் மிச்சம். அங்கே ‘முட்செடி’ என்ற ஒரே பெயரில் வெட்டி எறியப்படும் செடிகளில் நீர்முள்ளியும் ஒன்று. இது நம் மண்ணுக்கே உரிய மூலிகை. உண்மையில் அகற்ற வேண்டிய அயல்செடி அதே கரையில் பக்கத்திலேயே நிற்கிறது.

கணுவைப் பாருங்கள்

நீர்முள்ளி இடுப்பளவு வரை புதராக வளரும். தண்டு நாற்கோணமாக, சொரசொரப்பான முடிகளுடன் இருக்கும். கணுக்கள் சற்றுப் பருத்திருக்கும். ஒவ்வொரு கணுவிலும் இலைகள் வட்டமாகச் சூழ்ந்திருக்கும்; அவற்றில் வெளிப்புற இரண்டு மட்டும் நீளமானவை. இலைகளின் கோணத்தில் மஞ்சள் நிறத்தில் நேரான, கூர்மையான முட்கள், வழக்கமாக ஆறு இருக்கும். நீலம் கலந்த ஊதாப் பூக்கள், இரண்டு உதடுகள் பிரிந்தது போன்ற வடிவில், கணுவிலேயே கொத்தாகப் பூக்கும்.

எதனுடன் குழம்பலாம்?

நெய்வேலி காட்டாமணக்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூ வெளிர் ஊதாவாக இருந்தாலும் புனல் வடிவம். இலை இதய வடிவம், முள் கிடையாது, ஒடித்தால் பால் வடியும். ஆடுகள் தொடர்ந்து தின்றால் நரம்புப் பாதிப்பு ஏற்படும். வெட்டிப் போட்ட தண்டுத் துண்டுகூட ஈரத்தில் வேர்விடும் என்பதால், வேரோடு பிடுங்கி, கரையிலிருந்து தள்ளி உலர்த்த வேண்டும்.

பிரம்மதண்டும் முட்செடிதான். அதன் பூ மஞ்சள்; இலை ஓரங்களிலேயே முள் இருக்கும்; ஒடித்தால் மஞ்சள் பால் வரும். கடுகு போன்ற அதன் உருண்டை விதை நச்சுத்தன்மை உடையது.

விதையில் ஒரு சோதனை

நீர்முள்ளி விதை தட்டையாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். சிறிதளவு எடுத்துத் தண்ணீரில் போட்டால், சில நிமிடங்களில் வழவழப்பான பசை சூழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடையில் வாங்கும்போதும் விற்கும்போதும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

சித்த மருத்துவத்தில் உடலில் நீர் கோத்தல், சிறுநீர்க் கோளாறுகளுக்கு நீர்முள்ளிக் குடிநீர் தரப்படுகிறது. சித்த மருத்துவர் ஆலோசனையின்றி யாரும் தாமாகக் காய்ச்சிக் குடிக்கக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: ஆலைக் கழிவும் சாக்கடையும் கலக்கும் ஏரிகளில் வளர்ந்த செடியை மருந்துக்குச் சேகரிக்கவே வேண்டாம். சரியான செடியாக இருந்தாலும், அது வளர்ந்த நீர் கெட்டிருந்தால் மருந்தும் கெட்டதுதான்.

வயலில் களை, கரையில் துணை

நெல் வயலுக்குள் முளைத்தால் நீர்முள்ளியும் களைதான். முள் முற்றினால் களையெடுப்பவர், அறுவடை செய்பவர் கையைக் கிழிக்கும். ஆகவே, பூக்கும் முன்பே, இளஞ்செடியாக இருக்கும்போது வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

வரப்புக்கு வெளியே, ஏரி ஓரத்தில் இருப்பதை விட்டுவைக்கலாம். பூக்களில் தேனீக்கள் மொய்க்கும். சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு இதன் இலையே உணவு. மேலும், நீரோரத்தில் களைக்கொல்லி தெளித்தால் அது நீரில் கலந்து மீன், தவளைகளைப் பாதிக்கக்கூடும்; அங்கே கைக்களைதான் நல்லது.

கரை சுத்தம் செய்யும் பணிக்கு ஆட்களை அனுப்பும் முன், ஒரு நீர்முள்ளிக் கிளையையும் ஒரு காட்டாமணக்குக் கிளையையும் கையில் எடுத்துக் காட்டிவிடுங்கள். சந்தேகம் வந்தால், பூவும் கணுவும் உள்ள கிளையைக் காகிதத்தில் சுற்றி, திருவள்ளூர் மாவட்டம் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்கலாம்.