கலியாணச் செலவைக் கைவேலையால் குறைக்கலாம்!

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. வீடு கட்டியவனுக்குக் கடைசியில் ஒரு வீடாவது மிஞ்சும். கலியாணம் செய்தவனுக்குப் பல சமயம் கடன்தான் மிஞ்சுகிறது.

ஒரு தகப்பனார் மகள் கலியாணத்துக்காக 1 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. மாதா மாதம் 3,000 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். வருஷத்துக்கு 36,000. மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் 1 லட்சத்து 8 ஆயிரம்! வாங்கிய கடனைவிட வட்டி பெரிதாகிவிட்டது. முதல் அப்படியே நிற்கிறது. மகள் இடுப்பில் பேரக்குழந்தையோடு வருகிறாள். தகப்பனார் இன்னும் பந்தலுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த 1 லட்சத்தில் கால் பங்கைக் குறைத்தாலும் மாதம் 750 ரூபாய் வட்டி குறையும். அது ஒரு வீட்டின் பால் செலவுக்கு உதவும்.

எப்படிக் குறைப்பது?

முன்பெல்லாம் கலியாண வேலை உறவுக்காரர்களின் கைவேலை. மாமன் பந்தல் போடுவார். சித்தி முறுக்குச் சுற்றுவாள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் தோரணம் கட்டுவார்கள். இன்று எல்லாவற்றுக்கும் கான்ட்ராக்ட் வந்துவிட்டது. வாசலில் வாழைமரம் கட்ட ஓர் ஆள். தட்டில் பழம் அடுக்க ஓர் ஆள். பன்னீர் தெளிக்கக்கூட ஓர் ஆள்!

அதற்காக எல்லாவற்றையும் வீட்டாரே இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. அப்படிச் செய்த வீடுகளில் பெண்ணின் தாயார் தாலி கட்டும் நேரத்தில் அடுப்படியில் நிற்கிறாள். கெட்டிமேளச் சத்தம் கேட்டு, ஈரக் கையோடு ஓடி வருகிறாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எவ்வளவு பணம் மிச்சமானாலும் அந்த நிமிஷம் திரும்பி வராது.

ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் போதும். முதல் நாள் மாலைக்குள் செய்து முடித்துவிடக் கூடிய வேலை எதுவோ, அதை வீட்டில் செய்யலாம். முகூர்த்தத்தன்று காலையில் செய்தே தீர வேண்டிய வேலையைக் கூலி கொடுத்து ஆளிடம் விட்டுவிட வேண்டும்.

சமையலில்தான் பெரிய மிச்சம்

மண்டபத்தை விட்டால் பெரிய செலவு சாப்பாடுதான். சமையலை இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒன்று இலைக் கணக்கு. சாமான், கூலி எல்லாம் சேர்த்து, ஓர் இலைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிடுவது. இதில் கவலை இல்லை. ஆனால் செலவு அதிகம். மற்றொன்று கூலிக் கணக்கு. சமையல்காரர் சிட்டை எழுதித் தருவார். மளிகையும் காய்கறியும் வீட்டார் வாங்கிப் போடுவார்கள். அவருக்குச் சமையல் கூலி மட்டும்.

இரண்டாவது வழியில்தான் வீட்டாரின் கைக்கு வேலை இருக்கிறது. மிளகாயும் மல்லியும் வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்துக்கொள்ளலாம். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, மஞ்சள் தூள் மூன்றும் இப்படிச் செய்தால் விலையும் குறைவு, மணமும் அதிகம். வைகாசி, ஆனியில் கலியாணம் என்றால் பங்குனி, சித்திரை வெயிலிலேயே வடகம், மோர் மிளகாய் போட்டு டப்பாவில் அடைத்துவிடலாம். ஊறுகாயும் முன்னாலேயே போடலாம்.

பலகாரம்? அதிரச மாவைப் பாகில் கிளறி ஒரு வாரம் முன்னாலேயே வைத்துவிடலாம். வைக்க வைக்கத்தான் அது பதமாகும். இரண்டு நாள் முன்னால் சுட்டு எடுத்தால் போதும். முறுக்கு, தட்டை எல்லாம் ஒரு வாரம் தாங்கும். லட்டு மட்டும் தனி ஆள் செய்யக் கூடிய வேலை அல்ல. ஒருவர் பூந்தி தேய்க்க வேண்டும். சூடு ஆறும் முன் இரண்டு பேராவது உட்கார்ந்து பிடிக்க வேண்டும். கை போதாவிட்டால் லட்டைச் சமையல்காரரிடமே விட்டுவிடுவது நல்லது. உதிர்ந்த லட்டைச் சம்பந்தி வீட்டார் வருஷக் கணக்கில் பேசுவார்கள்!

அரிசிக்கு ஒரு மதிப்பு: 1 கிலோ அரிசிச் சோறு 8 முதல் 10 பேருக்கு வரும். 300 பேர் மத்தியானம் சாப்பிட 30 கிலோவிலிருந்து 38 கிலோ வரை வேண்டும். யாராவது 60 கிலோ என்று சிட்டை எழுதினால், "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். தவறில்லை.

இந்தக் கூலிக் கணக்கில் ஒரு பொறி உண்டு. அதுதான் உக்கிராணம். சாமான் அறைக்குச் சாவி வைத்திருக்க நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும். அவர் காலையில் சாவியை இடுப்பில் செருகினால் இரவுதான் எடுக்க வேண்டும்.

"அண்ணே, நெய் தீந்துபோச்சு. இன்னும் ரெண்டு கிலோ எடுங்க!"

"காலையிலேதானே தம்பி மூணு கிலோ கொடுத்தேன்? பாத்திரத்தைக் கொண்டா, பார்ப்போம்."

இப்படிக் கேட்கத் தைரியம் உள்ள ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் கூலிக் கணக்கு லாபம். அப்படி ஆள் இல்லாத வீட்டுக்கு இலைக் கணக்கே மேல். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருப்பவரிடம் சாவியைக் கொடுத்தால், மிச்சம் பிடித்ததெல்லாம் பின்வாசல் வழியே போய்விடும்.

பந்தலும் தோரணமும்

வீட்டு வாசலில் கலியாணம் என்றால் பந்தல் வேண்டும். சவுக்குக் கம்பும் மூங்கிலும் நட்டு, மேலே தென்னங்கீற்று வேய்வது கிராமத்தில் இன்றும் தெரிந்த வேலைதான். மட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, பெண்களும் ஆண்களுமாக உட்கார்ந்து முடைந்தால் கீற்றுச் செலவு மிச்சம். பந்தலைப் பிரித்த பிறகு அந்தக் கீற்று மாட்டுக்கொட்டகைக்கு ஆகும். வாடகைப் பந்தலில் இந்த வசதி கிடையாது.

குருத்தோலைத் தோரணம் முதல் நாள் மாலை கட்ட வேண்டியது. ஓலையைக் கிழித்து மடிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் போதும். பத்துப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். இரவில் தண்ணீர் தெளித்து வைத்தால் காலையில் வாடாது. வாழைமரத்தைத் தோட்டக்காரரிடமே நேரில் போய்ப் பேசி வாங்கினால் விலை குறையும். குலையோடு வாங்கினால் மறுநாள் வாழைக்காய்க் கறியும் ஆயிற்று!

ஆனால் விளக்கு விஷயத்தில் கை வைக்கக் கூடாது. "எனக்குத் தெரியும்" என்று சொல்லும் மைத்துனர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒயரைக் கொடுக்க வேண்டாம்.

2004-ம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கலியாண மண்டபத்தில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில் மின்சாரக் கோளாறினால் தீப்பிடித்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மாப்பிள்ளையும் அவர்களில் ஒருவர். கீற்று இருக்கும் இடத்தில் மின்சார வேலையை லைசென்ஸ் உள்ள ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். அடுப்பைப் பந்தலுக்கு அருகில் வைக்கவே கூடாது. வெளியே போக இரண்டு வழி விட வேண்டும். மணலும் தண்ணீரும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க இடமில்லை.

பூ

முகூர்த்த நாளில் பூ விலை ஏறிவிடும். அதிலும் மார்கழி, தைப் பனியில் மல்லிகை விளைச்சல் குறைந்து, விலை கேட்டாலே பயமாக இருக்கும். தையில் கலியாணம் வைத்தவர்கள் மல்லிகையைப் பெண்ணின் தலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அலங்காரத்துக்குச் செவ்வந்தியும் சம்பங்கியும் வாங்கலாம்.

மதுரை மாட்டுத்தாவணி, தோவாளை, கோயம்பேடு போன்ற பூச்சந்தைகளில் உதிரிப் பூவைக் கிலோக் கணக்கில் வாங்கி வந்தால், முழம் போட்டு வாங்குவதைவிட மலிவு. வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு, முதல் நாள் மாலை பெண்கள் கூடி உட்கார்ந்து கட்டினால் பேச்சும் நடக்கும், வேலையும் நடக்கும். மணமாலையை மட்டும் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மாலை மாற்றும்போது நார் அறுந்தால் நன்றாகவா இருக்கும்?

தாம்பூலப் பை

தையல் மிஷின் உள்ள வீடுகளுக்கு இது நல்ல வேலை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைக்குத் தடை. துணிப் பைதான் சரி.

36 அங்குல அகலமுள்ள துணியை 2 மீட்டர் வாங்கினால் 12 அங்குல அகலம், 26 அங்குல நீளத்தில் 9 துண்டு வெட்டலாம். துண்டை இரண்டாக மடித்து இரு பக்கமும் தைத்தால், மடிப்புப் போக 11 அங்குல அகலம், 12 அங்குல உயரத்தில் ஒரு பை. தேங்காய், வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் அடங்கும். காதுக்கு நாடா தனி. 100 பைக்கு 23 மீட்டர் துணி போதும். தலைக்கு ஒரு பை கொடுக்க வேண்டாம். குடும்பத்துக்கு ஒரு பை கொடுத்தால் யாரும் குறை சொல்வதில்லை.

கலியாணப் பெண்ணுக்கே தையல் தெரிந்தால் இன்னும் விசேஷம். இப்போது ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்யக் கடையில் கேட்கும் கூலி சேலை விலையை எட்டிப் பிடிக்கிறது. ஆரி ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் தங்கள் முகூர்த்த ஜாக்கெட்டைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். நிச்சயதார்த்தம் முடிந்ததும் ஆரம்பித்தால் அவசரமில்லாமல் முடிக்கலாம்.

மருதாணியையும் வீட்டிலேயே அரைக்கலாம். இலையோடு கொட்டைப்பாக்கு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைப்பது பாட்டிமார் பக்குவம். கறுப்பு மருதாணி என்று விற்பதில் தலைச்சாய மருந்து கலந்திருப்பது உண்டு. அது பட்டுக் கை கொப்பளித்துப்போகக் கூடும். கொப்பளித்த கையோடு பெண் மணையில் உட்கார வேண்டுமா?

இலை எத்தனை?

கையால் மிச்சம் பிடிப்பதைவிட, பேனாவால் மிச்சம் பிடிப்பது அதிகம். அழைப்புப் பட்டியலில் 100 பேரைக் குறைத்தால் 100 இலை, 100 நாற்காலி, அதற்கான பாத்திரம் எல்லாம் குறைகிறது.

2020-ல் கொரோனா பரவியபோது கலியாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு இருந்தது. அப்போதும் கலியாணங்கள் நடந்தன. வீட்டுத் திண்ணையில், கோயில் வாசலில், மொட்டைமாடியில் நடந்தன. அந்தத் தம்பதிகளும் மற்றவர்களைப் போலத்தான் குடித்தனம் நடத்துகிறார்கள்.

மொய் வாங்கும் ஊர்களில் பட்டியலைக் குறைப்பது சுலபமல்ல என்பது உண்மைதான். போட்ட மொய் திரும்பி வர வேண்டுமே! அப்படிப்பட்ட இடத்தில் எல்லோரையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்து, காலைப் பலகாரத்தை நெருங்கிய உறவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சடங்கைச் சுருக்க விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, இந்துக்களில் மணமக்கள் உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் சீர்திருத்தத் திருமணம் தமிழ்நாட்டில் செல்லும். புரோகிதர் கட்டாயமில்லை.

வரதட்சணையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 1961-லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. அதைக் கேட்கும் வீட்டுக்கு நூறு பை தைத்தும் பயனில்லை.

யார் கை?

கைவேலை என்றதும் அந்தக் கை பெண்களின் கையாகவே இருந்துவிடுகிறது. முறுக்கு, பொடி, பூ, பை, கோலம் எல்லாம் அவர்கள் தலையில்! ஆண்கள் மொய் நோட்டோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். கீற்று முடைய, தேங்காய் உரிக்க, மில்லுக்குப் போக, பை தைக்க, காய் நறுக்க ஆண்களுக்கும் கை இருக்கிறது. வேலைப் பட்டியல் எழுதும்போதே ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயரை எழுதிவிட வேண்டும். பெண்ணின் தாயார் பெயருக்கு எதிரே முகூர்த்தத்தன்று எந்த வேலையும் எழுதக் கூடாது.

உதவிக்கு வருகிறவர்களுக்கு வேளைக்குச் சாப்பாடும் காப்பியும் கொடுக்க வேண்டும். அதுவும் செலவுதான். நாலு பேர் செய்யும் வேலைக்குப் பதினைந்து பேரைக் கூப்பிட்டால் கூலி ஆளே மலிவாகிவிடும்.

மறுநாள்

பல ஊர்களில் பொதுப் பாத்திரம் இருக்கிறது. அண்டா, கரண்டி, ஜமுக்காளம் எல்லாம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். காணாமல் போவது எப்போதும் கரண்டிதான். மிஞ்சிய மளிகையைப் பிரிக்காத மூட்டையாக இருந்தால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று வாங்கும்போதே கேட்டு வைக்கலாம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. தமிழ்நாட்டில் 2009-ம் வருஷச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். திருமணம் முடிந்து 90 நாளைக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, படம், அழைப்பிதழ் ஆகியவற்றை எடுத்துப் போக வேண்டும். எனவே அழைப்பிதழை எவ்வளவு குறைவாக அச்சடித்தாலும், இரண்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.