நீங்க எந்த சபை?

போன வருஷம் என் கல்யாணத்துக்கு நாள் குறிச்சதும், சென்னையில என் வீட்டுப் பக்கத்துல இருக்கிற சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போனேன். போதகர் ஐயா முதல்ல கேட்டது இதுதான்: "தம்பி, நீங்க எந்த சபை?"

"சி.எஸ்.ஐ. தான் ஐயா."

"அது சரி. உங்க பேர் எந்த சபை ரிஜிஸ்டர்ல இருக்கு?"

முழிச்சேன். ஆறு வருஷமா எனக்கு ஞாயிறு ஆராதனை யூடியூப்லதான். அதுவும் காபி குடிச்சுக்கிட்டே, ஒன்றரை மடங்கு வேகத்துல.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் தமிழ்தான். உலகம் முழுக்க இருக்கிற கிறிஸ்தவர்களைச் சேர்த்துச் சொன்னாலும் 'சபை'. லுத்தரன், பெந்தெகொஸ்தே மாதிரியான பிரிவும் 'சபை'. தெருமுனைக் கோயில்ல கூடுற இருநூறு குடும்பமும் 'சபை'. ஐயா கேட்டது மூணாவது. நான் பதில் சொன்னது ரெண்டாவதுக்கு.

முதல்ல அந்த மூணாவதைப் பார்ப்போம். சி.எஸ்.ஐ.ல குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுப்பாங்க. அங்கயே பேர் ரிஜிஸ்டர்ல ஏறிடும். வளர்ந்ததும் வகுப்பு நடத்தி, பேராயர் வந்து தலையில கை வெச்சு 'திடப்படுத்தல்' பண்ணுவார். நமக்காக அப்பா அம்மா சொன்ன வாக்கை, நாமே நம்ம வாயால சொல்றது அது. அதுக்கப்புறம் திருவிருந்துல பங்கு, சபைத் தேர்தல்ல ஓட்டு. கூடவே கடமையும் வரும். எங்க திருநெல்வேலிப் பக்கம் அதுக்குப் பேர் சங்கக் காணிக்கை. கல்யாணம்னா மூணு ஞாயிறு 'ஓலை' வாசிப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் சேரத் தடை ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கன்னு சபையையே கேட்கிறது. கோட் ரிவ்யூ மாதிரிதான், ஆனா ரிவ்யூ பண்றவங்க உங்களை டவுசர் போட்ட காலத்துல இருந்து பார்த்தவங்க.

ரெண்டாவது, பிரிவு. நம்ம பாஷையில சொன்னா, சபைகளோட வரலாறு பெரும்பாலும் ஃபோர்க் ஆன வரலாறு. ஒரு கருத்து வேறுபாடு, ஒரு புதுக் கிளை. சி.எஸ்.ஐ. இதுல அபூர்வம், ஏன்னா அது ஒரு மெர்ஜ். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அப்புறம் பிரஸ்பிடீரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் 1908ல ஏற்கனவே சேர்ந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபை. இவங்க எல்லாரும் 1947 செப்டம்பர் 27 அன்னைக்கு, சுதந்திரம் கிடைச்சு ஆறே வாரத்துல, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஒரே சபை ஆனாங்க.

பேச்சு ஆரம்பிச்சது 1919ல, தரங்கம்பாடியில. 28 வருஷம் எதுக்கு இழுத்துச்சு? பெரிய சிக்கல், பேராயர். ஆங்கிலிக்கன் முறையில பேராயர் கை வெச்சு அபிஷேகம் பண்ணினாத்தான் ஒருத்தர் குரு. காங்கிரிகேஷனல் முறையில பேராயரே கிடையாது. அப்போ அவங்க போதகர்கள் செல்லுபடியாவாங்களா? கடைசியில வந்த தீர்வு: ஏற்கனவே ஊழியத்துல இருக்கிற எல்லாரையும் மறுபடி அபிஷேகம் பண்ணாம அப்படியே ஏத்துக்கலாம். இனிமே வர்றவங்களுக்குப் பேராயர் கை வைப்பார். பழசையும் உடைக்காம புதுசுக்கும் போறதுன்னா இதுதான்.

இதுக்காக உழைச்சவங்கள்ல முக்கியமானவர் வி.எஸ். அசரியா. வெள்ளாளன்விளைக்காரர், 1912ல இந்தியாவுல முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர். ஐக்கியத்தை அவர் பார்க்கல. 1945 ஜனவரி 1 அன்னைக்கு இறந்துட்டார்.

மெர்ஜ் ஆனாலும் பழைய ஹிஸ்டரி அழியாதுல்ல? திருநெல்வேலியில ஆங்கிலிக்கன் வாசனை, கன்னியாகுமரியில லண்டன் மிஷன் வாசனை, மதுரையில அமெரிக்க மிஷன் வாசனை இன்னும் இருக்கு. 1706ல தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கோட வழியில வந்த தமிழ் லுத்தரன் சபை இந்த ஐக்கியத்துல சேரவே இல்ல.

இதெல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணைச் சொல்லாம விட்டா பொய்யாயிடும். நம்ம ஊர்ல சபைக்குள்ளயும் சாதி இருக்கு. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துல தலித்துகளைப் பிரிச்சு நின்ன சுவரைப் பத்திப் படிச்சிருப்பீங்க. கத்தோலிக்கர்களோட பிரச்சினை மட்டும் இல்ல இது. தேர்தல் வந்தா எங்க பக்கமும் யார் யாருக்கு ஓட்டுன்னு முதல்லயே தெரியும். ஆறு வருஷம் நான் ஒதுங்கி இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். யூடியூப்ல சாதி கண்ணுக்குத் தெரியாது. அதே யூடியூப்ல பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களும் தெரிய மாட்டாங்க. பிடிக்கலைன்னா டேபை மூடிடலாம். ஆனா மூடிட்டுப் போறவன் அந்தச் சுவருக்கு எதிரா ஓட்டுப் போட முடியாது.

சரி, என் பேர் என்னாச்சு? ஊர் ஐயாவுக்குப் போன் போட்டேன். ஆறு வருஷக் காணிக்கை பாக்கி, பேரை எடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன். ரிஜிஸ்டரைப் பார்த்துட்டுச் சொன்னார்: "பாக்கி ஒண்ணும் இல்லையே தம்பி. அம்மா மாசாமாசம் உன் பேர்ல கட்டிட்டுல்ல இருக்காங்க."

அம்மா இதை என்கிட்ட சொன்னதே இல்ல. கேட்டதுக்கு, "நீ வரலைன்னா பேரும் போகணுமா?"ன்னாங்க.

ஓலை ரெண்டு ஊர்லயும் வாசிச்சாங்க. இப்போ என் பேர் சென்னை சபை ரிஜிஸ்டர்ல இருக்கு, காணிக்கை என் கையால போகுது. அடுத்த தேர்தல்ல எனக்கும் ஒரு ஓட்டு இருக்கு.

நீங்க எந்த மதமா இருந்தாலும் சரி, நீங்க வராதப்பவும் உங்க பேரை வெச்சிருக்கிற இடம் எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.