தன்னைத் தேடாமல் தன்னைக் கண்டவர்

'நான் யார்?' பல்கலைக்கழகத்தில் காலெடுத்து வைத்த முதலாண்டிலேயே இக்கேள்வி நம்மில் பலரைப் பிடித்துக்கொள்கிறது. விடை தேடித் தன்முனைப்பு முகாம்களுக்குப் போகிறோம். தன்னம்பிக்கை நூல்களைப் புரட்டுகிறோம். ஆனால், தன்னைத் தேடிப் புறப்படாமலேயே தன்னைக் கண்டுகொண்ட ஒரு பெண்ணின் வரலாறு நம் மண்ணிலேயே இருக்கிறது.

1943 ஜூலை. கோலாலம்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் உரையாற்றினார். இந்திய விடுதலைக்குப் பெண்களும் ஆயுதம் ஏந்த வேண்டும் என்று அழைத்தார். கூட்டத்தில் நின்ற ஜானகிக்கு வயது 18, வசதியான குடும்பம். காதில் அணிந்திருந்த தங்கத்தைக் கழற்றிக் கொடுத்தார். பின்னர், வீட்டாரின் தயக்கத்தையும் மீறி ஜான்சி ராணிப் படைக்குத் தன்னையே கொடுத்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். வசதியான வீட்டுப் பெண்ணும் பால்மரம் சீவிய பெண்ணும் ஒரே வரிசையில் நின்று துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள். பர்மாவில் ஜானகி படையின் துணைத் தளபதியானார்.

அந்தப் போர் வென்றதா? இல்லை. ராணிப் படைக்குப் போர்முனையில் முழுமையாகக் களமிறங்கும் வாய்ப்பே வரவில்லை. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்க நேர்ந்தது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் திரும்பினார்கள்.

அப்படியானால் மிஞ்சியது என்ன? மிஞ்சியவர் ஜானகிதான். 1946இல் ம.இ.கா. உருவானபோது அதன் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவராக நின்றார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பனாக மலேசிய நாடாளுமன்ற மேலவையிலும் அமர்ந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. 2014இல் மறைந்தார். தொலைதூர நாட்டுக்காகத் தொடங்கிய போராட்டம், இந்நாட்டுக்கு உழைக்கும் ஒருவரைத் திருப்பித் தந்தது.

நண்பர்களே, போராட்டம் என்றாலே உயர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். உணர்ச்சி கொதிக்கும் கூட்டத்தில் நம்மை இழப்பதும் எளிது. ஒரு நோக்கத்தை ஏற்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அது நம்மிடமிருந்து ஏதாவது கேட்கிறதா, அல்லது முழக்கமிட மட்டும் சொல்கிறதா? நாம் வழக்கமாகப் பழகாத மனிதர்களின் பக்கத்தில் நம்மை நிறுத்துகிறதா? நம் துணிவும் பொறுமையும் பலவீனமும் பிறருக்குத் தோள் கொடுக்கும்போதுதான் நமக்கே தெரியவருகின்றன.

அதற்குத் துப்பாக்கி தேவையில்லை. சனிக்கிழமை காலையில் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனாலும் போதும். ஆனால், அடுத்த சனிக்கிழமையும் போக வேண்டும்.